டேப்பில் கேட்ட குரல்

விமானம் நின்ற பிறகு சுஜா முதலில் தேடியது பென்சிலை. இறங்கிய நேரத்தைத் தொடையில் கட்டியிருக்கும் அட்டையில் குறித்து வைக்க வேண்டும். பயிற்சியின் முதல் நாளிலிருந்தே அது பழக்கம். பென்சில் காலடியில் எங்கோ உருண்டு போயிருந்தது. அதை எடுக்கக் குனிந்தபோதுதான் உட்கார்ந்திருக்கும் இடமே முன்பக்கமாகச் சரிந்து கிடப்பது உறைத்தது. நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே வானத்தைக் காணோம். ரன்வேயின் கறுப்புத் தரையும் அதில் தேய்ந்த டயர் தடங்களும் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தன. முன்சக்கரம் ஒடிந்து, விமானம் மூக்கைத் தரையில் ஊன்றிக் கிடந்தது. புரொப்பல்லரின் இரண்டு தகடுகளும் பின்னோக்கி வளைந்திருந்தன.

பெட்ரோலை அடைத்தாள். சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து இறங்கி, சொல்லிக்கொடுத்தபடியே வாலுக்குப் பின்னால் தள்ளிப் போய் நின்றாள். எதிலும் வரிசை தவறவில்லை. கடல் பக்கமிருந்து காற்று வந்தது. தூரத்தில் தீயணைப்பு வண்டி சைரனோடு திரும்புவதை, வேறு யாருக்காகவோ வருகிற வண்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இருபத்தொரு வயது. துறைமுகக் கட்டுமான வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து விழிஞ்ஞத்துக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட தளவாய் மேஸ்திரியின் ஒரே மகள். பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கும் ஒரு நுழைவுத் தேர்வும் அவளைத் திருவனந்தபுரத்தில் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஓர் அகாடமியில் சேர்த்திருந்தன. பெரிய விமானங்கள் வந்து போகும் அதே ரன்வேயில், அவற்றின் இடைவெளியில், மாணவர்களின் சிறிய விமானங்களும் ஏறி இறங்கும். சுஜா இருபத்திரண்டு மணி நேரம் பறந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் ஆசிரியர் இல்லாமல் தனியே பறப்பதற்குச் சோலோ என்று பேர். அன்றைக்கு நடந்தது அவளுடைய மூன்றாவது சோலோ.

தீயணைப்பு வண்டிக்குப் பின்னாலேயே ஒரு ஜீப் வந்தது. அது நிற்பதற்கு முன்பே பிரதீஷ் சார் குதித்து ஓடி வந்தார். அவளுடைய பயிற்சி ஆசிரியர், பாறசாலைக்காரர், தமிழும் மலையாளமும் ஒன்றில் ஒன்று விழுந்து கலந்த பேச்சு. சோலோ போகும்போது வயர்லெஸ் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் நின்று பார்த்திருப்பது அவர் வேலை. அந்தக் கருவி அப்போதும் கையில் இருந்தது. இன்னொரு கையில் செல்போன் இருந்தது.

"சுஜா, வேதனை உண்டா? கழுத்து? முதுகு?"

"டைம் என்ன சார்?"

"எந்தா?"

"லேண்டிங் டைம் எழுதணும்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு ஜீப்பில் ஏறச் சொன்னார்.

ரன்வே இரண்டு மணி நேரம் மூடிக் கிடந்தது. சார்ஜாவிலிருந்து வந்த விமானம் வானத்தில் சுற்றிவிட்டுக் கொச்சிக்குப் போனது. அதற்குள் டிவி சேனல்களில் எழுத்து ஓட ஆரம்பித்திருந்தது. ஆஸ்பத்திரியில், குடித்திருக்கிறாளா என்று பார்க்க, சுஜாவைக் குழலில் ஊதச் சொன்னார்கள், ஊதினாள். இரத்தம் எடுத்தார்கள். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். நெற்றியில் ஒரு சிறிய வீக்கத்தைத் தவிர ஒன்றுமில்லை என்றார் டாக்டர். "பாக்கியசாலி," என்று நர்ஸ் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். சுஜாவுக்குக் கன்னத்தில் கை பட்டது தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

தளவாய் வேலைத் தளத்து மஞ்சள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து சேர்ந்தார். சிமென்ட் அப்பிய பூட்சோடு வார்டுக்குள் நுழைந்தவர், மகள் கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் பிரதீஷ் வந்தார். தளவாய் திரும்பினார்.

"நீருதான் வாத்தியாரா?"

"ஆமா. பிரதீஷ்."

"எம்பிள்ளைய ஒத்தையில மேல அனுப்பிட்டு, நீரு கீழ நின்னு என்னவே செஞ்சீரு? போன்ல பேசிட்டு நின்னீரோ?"

கையிலிருந்த போனைப் பார்த்துத்தான் கேட்டார். பிரதீஷ் அதைப் பையில் போட்டார். "வீட்லேருந்து கால் வந்தது. எடுக்கல," என்றார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. நர்ஸ் வந்து இருவரையும் வெளியே போகச் சொன்னாள்.

அம்மா மாடம்மாள் கடைசியாக வந்தாள். பழவங்காடியில் ஒரு ஹோட்டலின் சமையல்கட்டில் அவளுக்கு வேலை. அழவில்லை. மகளின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள், முழங்கையை அமுக்கினாள், பாதத்தைப் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தீர்ந்த பிறகும் பாதத்தை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சுஜா நன்றாகச் சாப்பிட்டாள். நன்றாகத் தூங்கினாள். அதுதான் மாடம்மாளுக்குப் பிடிபடவில்லை.

"ஏ பிள்ளே, மனசுல உள்ளத சொல்லி அழுதுரு. உள்ள வச்சிக்கிடாத."

"உள்ள ஒண்ணும் இல்லம்மா."

உண்மையும் அதுதான். பக்கத்து வீட்டார் வந்து துக்கம் கேட்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் அவள்தான் டீ போட்டுக் கொடுத்தாள். அகாடமியில் கூடப் படிக்கும் ஆர்ஷா போனில் அழுதாள். அவளுக்கும் சுஜாதான் சமாதானம் சொன்னாள்.

விமான நிலையத்தின் மதிலுக்கு வெளியே நின்று யாரோ எடுத்த வீடியோ போனுக்குப் போன் பரவியிருந்தது. ஆர்ஷா அதை அனுப்பிவைத்தாள். சின்ன வெள்ளை விமானம் ஒன்று இறங்கி வருகிறது. சக்கரம் தரையில் பட்டதும் பந்துபோல எகிறுகிறது. மூக்கைத் தாழ்த்தி மறுபடி விழுகிறது, முன்னைவிட உயரமாக எகிறுகிறது. மூன்றாவது தடவை முன்சக்கரம் முதலில் அடித்து, மடங்கி, பொறி பறக்க இழுத்துக்கொண்டு போய் நிற்கிறது. பத்து விநாடிகூட இல்லை. சுஜா அதை ஏழெட்டுத் தடவை பார்த்தாள். முதல் துள்ளலிலேயே, எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளி மேலே ஏறியிருக்க வேண்டும், பாடப் புத்தகத்தில் படம் போட்டுச் சொல்லியிருப்பது. 'இவள் ஏன் தள்ளவில்லை?' என்று, முகம் தெரியாத ஒரு மாணவியைப் பற்றி யோசிப்பதுபோல யோசித்தாள்.

இரண்டாம் நாள் எழுத்துமூலம் வாக்குமூலம் கேட்டார்கள். நினைவிலிருப்பதை எழுதினாள். சக்கரம் பட்டது நினைவிருக்கிறது, கண்ணாடி முழுக்க வானம் தெரிந்தது நினைவிருக்கிறது. அடுத்தது பென்சில். 'தரையிலிருந்து எச்சரிக்கை ஏதும் வந்ததா?' என்ற கேள்விக்கு, 'நான் எதுவும் கேட்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

அந்த ஒரு வரியால் பிரதீஷைப் பறக்கும் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் அவருடைய இன்னொரு மாணவன் சோலோவில் இறங்கும்போது டயர் வெடித்திருந்தது. இப்போது இது. சார் போனைப் பார்த்துக்கொண்டு நின்றதாக விமானங்களை நிறுத்தும் ஹாங்கர் பக்கமிருந்த இரண்டு மாணவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"ஒம்மேல தப்பு வராது, மக்ளே," என்றார் தளவாய். நாலு நாளில் முதல் தடவையாக அவர் முகம் தெளிந்திருந்தது. "நீ கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லு. பயப்படாத."

"பயமெல்லாம் இல்லப்பா."

ஐந்தாம் நாள் சாயங்காலம் பிரதீஷ் போன் செய்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சுஜா, நான் சொன்னேன். ஒண்ணில்ல, ரெண்டு பிராவசியம் கோ அரவுண்ட் சொன்னேன். நீ பதிலும் சொன்னியே."

இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறு என்பதற்கு விமானிகள் சொல்வது கோ அரவுண்ட். சுஜா கண்ணை மூடி அந்தக் காலையைத் தேடிப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் கிடந்தது அது.

"எனக்கு ஓர்மையில்ல சார்."

"தீரே ஓர்மையில்லையா? கொஞ்சங்கூட?"

"இல்ல சார்."

மறுமுனையில் குழந்தை ஒன்று எதற்கோ அடம்பிடிக்கும் சத்தம் கேட்டது. "செரி," என்று வைத்துவிட்டார்.

வயர்லெஸ்ஸில் பேசுவதெல்லாம் கட்டுப்பாட்டு டவரில் பதிவாகும். ஆனால் அதை முறைப்படி எழுதிக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்க்க நாளாகும். பதினோராம் நாள்தான் சுஜாவைக் கூப்பிட்டார்கள். விசாரணைக்கு வந்திருந்த அதிகாரியின் பெயர் ஸ்மிதா. ஐம்பது வயதிருக்கும், ஒரு காலத்தில் தானும் விமானம் ஓட்டியவர். தண்ணீர் பாட்டிலை சுஜாவின் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு லேப்டாப்பைத் திருப்பினார்.

"நல்லாக் கேளு. அவசரமில்ல."

முதலில் இரைச்சல். பிறகு பிரதீஷின் குரல்: "சுஜா, கோ அரவுண்ட், கோ அரவுண்ட்."

உடனே ஒரு பெண் குரல். தெளிவாக, பதறாமல், பாடத்தில் சொன்ன அதே தாளத்தில்: "கோயிங் அரவுண்ட்."

இரண்டு விநாடி இரைச்சல். "பவர், சுஜா! ஃபுல் பவர்! கோ அரவுண்ட்!"

"ரோஜர்," என்றது அந்தப் பெண் குரல். கேட்டுக்கொண்டேன் என்று அதற்கு அர்த்தம்.

அதன் பிறகு அவள் குரல் இல்லை. டவர்க்காரர் பின்னால் வந்துகொண்டிருந்த சார்ஜா விமானத்தை இறங்காமல் மேலே போகச் சொன்னார். அந்த விமானியும் "கோயிங் அரவுண்ட்" என்றார். அவர் சொன்னபடியே மேலேறிப் போய்விட்டார்.

சுஜா லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னொரு தடவை போடுவீங்களா, மேடம்?"

போட்டார். மூன்றாம் தடவையும் போட்டார். அது அவள் குரல்தான். மூன்று முறை கேட்ட பிறகும், அப்படிச் சொன்னதாக அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை.

"எஞ்சினைப் பிரிச்சுப் பார்த்தாங்க," என்றார் ஸ்மிதா. "த்ராட்டில் கடைசி வரைக்கும் பின்னாடி இழுத்து இருந்துது. முழுசா மூடின நிலை. உன் கை தள்ளல, இழுத்திருக்கு."

"நான் பொய் எழுதல, மேடம்."

"தெரியும். வாய் பழக்கத்துல பதில் சொல்லிடும். நான் இதுக்கு முன்னாடியும் பார்த்திருக்கேன்." கொஞ்சம் பொறுத்து, "நீ எழுதினதை மாத்தணும்னா மாத்தலாம். கட்டாயம் இல்ல. டேப்பே போதும்," என்றார்.

சுஜா வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினாள். எச்சரிக்கை வந்தது, நான் அதற்குப் பதிலும் சொன்னேன், சொன்னபடி செய்யவில்லை, அது எனக்கு நினைவில்லை என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து என்றைக்கும்போல அழகாகவே இருந்தது.

வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் பிரதீஷ் தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. அவள் எதிரில் போய் நின்றாள்.

"நான் சொல்லிருக்கேன், சார். டேப்ல கேட்டேன்."

"ம்."

"மாத்தி எழுதிக் கொடுத்துட்டேன்."

"செரி." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பதினொண்ணு திவசமா எனக்கே சம்சயம் வந்துடுச்சு. நெசமாவே சொன்னேனா, மனசுல மட்டும் சொன்னேனான்னு." எழுந்து உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னாள். தளவாய் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடியே கேட்டார். வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அப்போ அந்த மனுசன் சொன்னது சத்தியம்."

"ஆமாப்பா."

"நான் அத்தனை பேர் முன்னால வச்சி..." முடிக்காமல் எழுந்து கை கழுவப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்தான் கிளம்பினார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, சுஜாவையும் கூட்டிக்கொண்டு, பஸ் மாறிப் பாறசாலை போய்ச் சேர்ந்தார். பிரதீஷ் வீட்டு முற்றத்தில் பைக் கழுவிக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் குழாயை மூடிவிட்டு நின்றார்.

"சாரே," என்றார் தளவாய். "ஆஸ்பத்திரில வச்சி நான் பேசுனது தப்பு. பிள்ளையப் பாத்த பதட்டத்துல வாயில வந்தத பேசிட்டேன். மனசுல வச்சிக்கிடாதிய."

"சாரமில்ல, விடுங்க. எனக்கும் பிள்ளை இருக்கு."

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவரை மறுபடி வேலையில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். சுஜாவும் ஆசிரியரோடு சேர்ந்து பத்து மணி நேரம் பறந்துவிட்டு மறுபடி சோலோ போகலாம் என்று தீர்ப்பாகியிருந்தது. அந்தப் பத்து மணி நேரமும் உங்களோடுதானே என்று சுஜா கேட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

"பறக்கிறதுக்கு வரேன். சோலோ போகலாம்னு வாத்தியார் போடுற கையெழுத்து மட்டும் வேண்டாம். இனிமே யாருக்கும் போட மாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

"ஏன் சார்? தப்பு உங்க மேல இல்லையே."

அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும் வரைக்கும் பிரதீஷ் காத்திருந்தார்.

"நீ கோயிங் அரவுண்ட்னு சொன்னதும் எனக்கு ஆசுவாசமாச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. ரெண்டு செகண்ட். அந்த ரெண்டு செகண்டும் நான் ஒண்ணும் சொல்லல. அப்பவே பவர்னு கத்தியிருந்தா நீ தள்ளியிருப்பியோ என்னமோ." டம்ளரைக் கையில் எடுத்துவிட்டுக் குடிக்காமல் வைத்தார். "டேப்ல அந்த ரெண்டு செகண்ட் இருக்கு. நீயும் கேட்டிருப்பே."

சுஜா கேட்டிருந்தாள். அது வெறும் இரைச்சலாகத்தான் அவளுக்குப் பட்டிருந்தது.

"நீங்க பாக்கலன்னா நான் சோலோ போகல," என்றாள். பிடிவாதமாகச் சொல்லவில்லை. பஸ் வராவிட்டால் நடந்து போகிறேன் என்பதுபோலத்தான் சொன்னாள். தளவாய் மகளைத் திரும்பிப் பார்த்தார். பிரதீஷ், "முதல்ல பறப்போம்," என்றார்.

பறந்தார்கள். இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று காலை. பிரதீஷ் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டுமென்றே அவளை மோசமாக இறங்க வைத்து, துள்ளியதும் த்ராட்டிலைத் தள்ள வைத்தார். அறுபது எழுபது தடவை தள்ளியிருப்பாள். கை பழகியது. அவளுக்குச் சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. துணி மடித்து வைப்பதுபோல விமானத்தை இறக்கினாள். அவளுடைய லேண்டிங் நன்றாக இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். வீட்டில் மாடம்மாள் மட்டும், "பழைய பிள்ள இன்னும் வரலியே," என்று தளவாயிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, நாலு லேண்டிங் முடிந்ததும் பிரதீஷ் விமானத்தை நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். எஞ்சின் நின்றதும் இறங்கினார். தன் பக்கத்து பெல்ட்டை இருக்கையோடு இறுக்கிக் கட்டினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவளுடைய பயிற்சிக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டார்.

"ரெண்டு லேண்டிங். நான் இங்கேயே நிப்பேன்."

"செரி சார்."

அவர் செல்போனை எடுத்து, அணைத்து, ஜீப்புக்குள் போட்டுவிட்டு வந்தார்.

முதல் சுற்று சாதாரணமாக முடிந்தது. ஏறினாள், இடதுபக்கம் திரும்பிக் கடலுக்கு மேல் ரன்வேக்கு இணையாகப் போனாள், வந்து இறங்கினாள். இரண்டாவதில் கடற்காற்று கொஞ்சம் பலத்திருந்தது. சக்கரம் தொடாமல் விமானம் மிதந்துகொண்டே போனது. தொடவேண்டிய இடம் கீழே நழுவிப் போனது. கை த்ராட்டிலைத் தள்ளியது. எஞ்சின் முழுக்குரலில் இரைய, ரன்வே கீழே இறங்கிப் போனது. அதன் பிறகுதான் டவருக்குச் சொன்னாள். இன்னொரு சுற்று வந்து, மெதுவாக, எல்லோரும் இறக்குவதுபோல இறக்கினாள். நேரத்தைக் குறித்துக்கொண்டாள். வயர்லெஸ்ஸில் பிரதீஷ் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கியபோது அவரை நின்ற இடத்தில் காணவில்லை. ஜீப்புக்கு அந்தப் பக்கம், புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வயர்லெஸ்ஸை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்திருந்தார். அப்படிப் பிடித்தும் அது ஆடிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார், உதடு மட்டும் இழுபட்டது.

சுஜா அந்தக் கைகளைப் பார்த்தாள். தரை முன்னால் சரிந்தது. கண்ணாடி முழுக்க வானம் வந்தது. உலோகம் ரன்வேயில் உரசுகிற சத்தம், இத்தனை நாளும் இல்லாமல் இருந்த சத்தம், காதுக்குள் கிழித்துக்கொண்டு போனது. அவருக்குப் பக்கத்தில், விழுவதுபோல உட்கார்ந்தாள். பல் கிட்டித்தது.

"சார், எனக்கு பேடியா இருக்கு. பயமா இருக்கு."

"இப்பவா?"

"இப்பதான் சார்."

விமானத்தை உள்ளே தள்ளிக்கொண்டு போக வந்த மெக்கானிக், இரண்டு பேர் புல்லில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று குரல் கொடுத்தார். பிரதீஷ் ஒரு கையைத் தூக்கி, கொஞ்சம் பொறுக்கச் சொல்லி ஆட்டினார்.

"எழும்பாத," என்றார் சுஜாவிடம். "இரி. கொஞ்சம் கழிஞ்சு போலாம்."